ஹாம் ரேடியோ: கடலூர், புதுச்சேரிப் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒருவர் மைக் பட்டனை அழுத்திப் பேசுகிறார். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இன்னொருவர் அதைக் கேட்டுப் பதில் சொல்கிறார். நடுவில் செல்போன் கோபுரம் இல்லை, இணையம் இல்லை, மாதாமாதம் ரீசார்ஜ் இல்லை. ஒரு மொட்டை மாடியிலிருந்து கிளம்பிய ரேடியோ அலை இன்னொரு மொட்டை மாடிக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. இதைத்தான் சட்டம் அமெச்சூர் ரேடியோ என்கிறது. ஈடுபடுகிறவர்கள் ஹாம் ரேடியோ என்பார்கள். தேர்வு எழுதி, மத்திய அரசிடம் உரிமம் வாங்கி, தனக்கென்று ஒரு கால் சைன், அதாவது அலையில் தன்னை அடையாளம் சொல்லும் எழுத்தும் எண்ணும், பெற்று, காசு வாங்காமல் செய்வது. கற்றுக்கொள்வதற்காகவும் நட்புக்காகவும் பேசலாம். ஊருக்கு ஆபத்து என்றால் செய்தி கடத்தலாம்.

'அதான் வாட்ஸ்அப் இருக்கே, இது எதுக்கு?' என்று எல்லாரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாட்ஸ்அப் வேலை செய்யும் நாளில் செய்தி அனுப்ப அதுவே போதும். ஆனால் நம் கரையில் அது வேலை செய்யாத நாட்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நாட்களுக்காக ஒரு வாக்கி டாக்கியை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரையின் பாதியை எழுதுகிறேன். அலமாரியில் இருக்கும் செட் புயலன்று உதவாது. தினமும் பொழுதுபோக்காகப் பேசிப் பழகிய கையும் காதும்தான் உதவும். ஹாம் ரேடியோவில் சேவை என்பது பொழுதுபோக்கிலிருந்து முளைப்பது. அதனால் பொழுதுபோக்கிலிருந்தே ஆரம்பிப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். போலீஸ்காரர் கையில் இருப்பது ஹாம் ரேடியோ இல்லை, அது அவர்கள் துறைக்கென்று ஒதுக்கிய அலைவரிசை. கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து போகும் படகுகளில் இருப்பது கடலில் போகிறவர்களுக்கென்று ஒதுக்கிய விஎச்எஃப் ரேடியோ. அதன் ஆபத்து அழைப்புச் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். ஹாம்கள் அதில் பேசக் கூடாது. 446 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் சின்ன வாக்கி டாக்கிகளுக்கு உரிமம் வேண்டாம் என்று அரசு விலக்கு கொடுத்திருக்கிறது. ஆனால் அவை குறைந்த சக்தியில், கொஞ்ச தூரத்துக்கு மட்டும் பேசுபவை. ஹாம்களுக்கு என்று தனியாகப் பல பட்டைகள், அதாவது ஒதுக்கிய அதிர்வெண் துண்டுகள், உண்டு. புதிதாக வருகிறவர் இரண்டை மனதில் வைத்தால் போதும்: உள்ளூருக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், வெளியூருக்கு 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ். முதலாவதை இரண்டு மீட்டர் என்பார்கள், இரண்டாவதை நாற்பது மீட்டர் என்பார்கள். அது அலையின் நீளம். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் நீளம் வந்துவிடும்.

கேட்பதில் ஆரம்பியுங்கள்

பேச உரிமம் வேண்டும், சரி. கேட்டுப் பழகுவதற்கு ஒரு செல்போன் இருந்தாலே இன்றைக்கு வழி இருக்கிறது. உலகம் முழுக்கப் பல ஹாம்கள் தங்கள் ரிசீவரை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். வெப்எஸ்டிஆர் என்று தேடினால் கிடைக்கும். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருப்பது அதில் பிரபலமானது. திரையில் அலைவரிசை முழுவதும் நீலமும் மஞ்சளுமாக ஓடிக்கொண்டிருக்கும். மஞ்சள் கோடு தெரியும் இடத்தில் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் குரல் கேட்கும்.

நம் நாட்டுக்குள் நடக்கும் பேச்சைக் கேட்க இந்தியாவில் இருக்கும் ரிசீவர் ஒன்றைப் பிடித்து, காலை வேளையில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போங்கள். பழைய ஷார்ட்வேவ் ரேடியோவில் இது சரியாகக் கேட்காது. அங்கே ஹாம்கள் பேசுவது எஸ்எஸ்பி என்ற முறையில். சாதாரண ரேடியோ ஒலிபரப்பில் அலையின் இரண்டு பக்கமும் ஒரே குரல்தான் ஏறியிருக்கும். எஸ்எஸ்பியில் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புவார்கள். சக்தி மிச்சமாகும், இடமும் பாதிதான் பிடிக்கும். அதற்கு விலையாக, கேட்பவர் டயலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டால் குரல் கீச்சென்றோ கரகரவென்றோ வரும். மெதுவாக, மெதுவாகத் திருப்பினால் ஒரு இடத்தில் அந்தச் சத்தம் சட்டென்று மனிதக் குரலாக மாறும். அந்த இடத்தைக் காதால் பிடிக்கப் பழகுவதுதான் முதல் பாடம். 7 மெகாஹெர்ட்ஸில் கீழ்ப்பக்கம், அதாவது எல்எஸ்பி. 14 மெகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் மேல்பக்கம், யுஎஸ்பி. இதை மாற்றி வைத்துவிட்டு எவ்வளவு திருப்பினாலும் குரல் கிடைக்காது.

சில வாரம் கேட்டாலே போதும், யார் எப்போது பேசுகிறார்கள், எப்படிக் குறுக்கே நுழையாமல் காத்திருக்கிறார்கள், எப்படிச் சுருக்கமாக முடிக்கிறார்கள் என்பது தானாகப் பிடிபடும். புத்தகத்தைவிட இது நல்ல ஆசிரியர் என்பது என் அபிப்பிராயம்.

அலை எங்கே போகிறது

இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

இரண்டு மீட்டர் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி வளைந்திருப்பதால் ஒரு தூரத்துக்கு மேல் அது தலைக்கு மேலே போய்விடும். எவ்வளவு தூரம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தை மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். கடலூரில் ஒரு மாடி வீட்டின் மேல் கம்பம் நட்டு 9 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்தால் வர்க்கமூலம் 3. புதுச்சேரியிலும் அதே உயரம் என்றால் இன்னொரு 3. ஆறை 4.12-ஆல் பெருக்கினால் 25 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! நம் கரை தட்டையாக இருப்பதால் மலை மறைக்கும் தொல்லை இல்லை. இரண்டு ஊரிலும் மொட்டை மாடியில் சுமாரான ஆன்டெனா இருந்தால் 5 வாட்டில் பேசிவிட முடியும்.

அதே 5 வாட் செட்டை ஆளுயரத்தில் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றால் கதை வேறு. கணக்குப்படி 10 கிலோமீட்டர் வர வேண்டும். நடுவில் வீடும் மரமும் இருப்பதால் ஊருக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டரே பெரிய விஷயம். அதே செட்டோடு கடலூர் கேப்பர் மலை மேட்டிலோ புதுச்சேரி கோரிமேட்டிலோ ஏறி நின்றால் தூரம் கூடிவிடும். சக்தியைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுவதுதான் இங்கே பலன் தரும். உயரமான இடத்தில் ரிப்பீட்டர் வைப்பதும் இதற்காகத்தான். அது ஒரு அதிர்வெண்ணில் கேட்டு, அதே நொடியில் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொரு அதிர்வெண்ணில் திரும்பச் சொல்லும்.

நாற்பது மீட்டர் அலை வேறு ரகம். அது மேலே போய், வளிமண்டலத்தின் உச்சியில் சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து கீழே வரும். மறுபடி கடலிலோ நிலத்திலோ பட்டு மேலே போகும். குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அப்படி. அயனி மண்டலத்தில் அடுக்குகள் உண்டு. பகலில் 60 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் டி அடுக்கு கீழ் அதிர்வெண் அலைகளை உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகும். 250 கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் எஃப் அடுக்கு இரவிலும் நிற்கும். இரவில் இலங்கை வானொலி நம் ஊரில் தெளிவாகக் கேட்டதற்கும் டி அடுக்கு இல்லாமல் போவதுதான் காரணம்.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கும். பகலில் 14 மெகாஹெர்ட்ஸில் இத்தாலிக்காரரோடு தெளிவாகப் பேசலாம். விழுப்புரத்து நண்பருக்கு அதே நேரத்தில் உங்கள் குரல் கேட்காது. அலை அவர் தலைக்கு மேலே தாண்டிப் போய் வெகுதூரத்தில் இறங்குகிறது. விழுப்புரம், மதுரை, பெங்களூரு என்று சில நூறு கிலோமீட்டருக்குள் பேச வேண்டும் என்றால் 7 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கி, ஆன்டெனாவையும் தாழ்வாகக் கட்ட வேண்டும். அப்போது அலை கிட்டத்தட்ட செங்குத்தாக மேலே போய்ச் செங்குத்தாகக் கீழே வரும். புயல் நேரத்தில் நமக்கு இத்தாலி தேவையில்லை, சென்னையும் மதுரையும்தான் தேவை. அதனால் வீட்டு மாடியில் தாழ்வாகத் தொங்கும் சாதாரணக் கம்பியைக் குறைவாக நினைக்காதீர்கள்.

சூரியனுக்கு ஏறக்குறைய 11 வருடச் சுழற்சி ஒன்று உண்டு. கரும்புள்ளிகள் அதிகமாக இருக்கும் வருடங்களில் 21, 28 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் திறந்துகொண்டு, சின்னச் சக்தியில் உலகைச் சுற்றலாம். இப்போதைய சுழற்சி 2024-ல் உச்சத்தைத் தொட்டுவிட்டதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

எங்கே இருக்கிறோம் என்பதைச் சொல்ல ஹாம்கள் உலகத்தையே கட்டம் கட்டி வைத்திருக்கிறார்கள். கடலூரும் புதுச்சேரியும் எம்கே91 என்ற கட்டத்தில் வருகின்றன. நெய்வேலி, சிதம்பரம், விழுப்புரம், மேற்கே சேலம் வரை அதே கட்டம்தான். சென்னை மட்டும் 80 டிகிரி தீர்க்கரேகையைத் தாண்டிக் கிழக்கே இருப்பதால் என்கே03 ஆகிவிடுகிறது. அந்தக் கோடு நம் கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலுக்குள் போகிறது.

ஒரு பேச்சு எப்படி நடக்கும்

முதலில் கேட்க வேண்டும். யாரும் பேசவில்லை என்று தெரிந்த பிறகு, 'இந்த அதிர்வெண் பயன்பாட்டில் இருக்கிறதா?' என்று ஒருமுறை கேட்பது மரியாதை. பதில் இல்லை என்றால் 'சிக்யூ, சிக்யூ' என்று சொல்லி உங்கள் கால் சைனைச் சொல்ல வேண்டும். யாராவது பேச வாருங்கள் என்று பொது அழைப்பு. இந்திய ஹாம்களின் கால் சைன் பெரும்பாலும் வியூ2 அல்லது வியூ3 என்று தொடங்கும், பின்னால் இரண்டு மூன்று எழுத்து வரும். இரைச்சலில் எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பும் என்பதால் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல். வியூ3 என்பதை 'விக்டர் யூனிஃபார்ம் த்ரீ' என்றுதான் சொல்வார்கள்.

லாஸ்பேட்டைக்காரர் பதில் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

'வணக்கம் ஓஎம். உங்க சிக்னல் இங்க ஃபைவ் நைன். என் கியூடிஎச் கடலூர், மஞ்சக்குப்பம். மாடியில ஒரு கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா, அஞ்சு வாட்ல போறேன். எப்படிக் கேக்குது? ஓவர்.'

'வணக்கம் தம்பி, நல்லா கேக்குது. உங்களுக்கு ஃபைவ் செவன். கொஞ்சம் கரகரன்னு கலக்குது, கனெக்டரை ஒருதடவை பாத்துடுங்க. இங்க லாஸ்பேட்டை. ஓவர்.'

வயது வித்தியாசம் பார்க்காமல் ஓஎம், அதாவது ஓல்ட் மேன், என்று அழைப்பது ஹாம்களின் வழக்கம், பழகிய பிறகு அண்ணா, சார், தம்பி எல்லாம் வந்துவிடும். ஃபைவ் நைன் என்பதில் முதல் எண் பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதற்கு, 5 வரை. இரண்டாவது சிக்னலின் வலிமைக்கு, 9 வரை. கியூடிஎச் என்றால் இருக்கும் இடம். கியூஆர்எம் என்றால் அடுத்தவர் பேச்சால் வரும் இடைஞ்சல், கியூஆர்என் என்றால் இடி மின்னல் போன்ற இயற்கை இரைச்சல். ஐப்பசி மாதம் மாலையில் 7 மெகாஹெர்ட்ஸைத் திறந்தால் கியூஆர்என் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். விடைபெறும்போது 'செவன்டி த்ரீ', வாழ்த்துகள் என்று பொருள்.

முடிந்ததும் லாக் புத்தகத்தில் தேதி, நேரம், அதிர்வெண், கால் சைன், சிக்னல் அறிக்கை எல்லாம் எழுத வேண்டும். நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுவது வழக்கம். நம் இரவு 8.15 அங்கே 14.45. புதியவர்கள் ஐந்தரை மணி நேரத்தைக் கழிப்பதில் சில நாள் தடுமாறுவார்கள், பிறகு பழகிவிடும். தூரத்து நாட்டுக்காரரோடு பேசினால் பேசியதற்கு அத்தாட்சியாகக் கியூஎஸ்எல் கார்டு என்ற அட்டையைத் தபாலில் அனுப்பிக்கொள்ளும் வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருப்பவர்கள் உண்டு.

பேசக் கூடாதவையும் உண்டு. வியாபாரம் பேசக் கூடாது. பாட்டு போடக் கூடாது. ரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது, யார் வேண்டுமானாலும் கேட்கும்படிதான் பேச வேண்டும். அரசியலையும் மதத்தையும் தொடாமல் இருப்பது ஹாம்கள் காலம் காலமாகக் காப்பாற்றும் ஒழுங்கு.

உரிமம்

இந்தியாவில் உரிமம் கொடுப்பது மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தின் தொலைத்தொடர்புத் துறையில் இருக்கும் டபிள்யூபிசி பிரிவு. சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை. முதல் நிலைக்கு அடிப்படை ரேடியோ அறிவும் விதிமுறைகளும் தெரிந்தால் போதும், புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ் வேண்டாம். ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். அதற்குப் பதிலாக அதிகப் பட்டைகளும் அதிகச் சக்தியும் கிடைக்கும்.

ஓம் விதி, மின்தேக்கி, அதிர்வுச் சுற்று, ஆன்டெனா நீளம் என்று வரும் பகுதியைப் பார்த்து மலைக்க வேண்டாம். பத்தாம் வகுப்பு இயற்பியலை ஒழுங்காகப் படித்தவர்கள் ஒரு சில மாதத்தில் தயாராகிவிடலாம். விதிமுறைப் பகுதியை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். பலர் தொழில்நுட்பத்தில் முழுக் கவனம் வைத்துவிட்டு கியூடிஎச், கியூஆர்எம் போன்ற கியூ குறிகளில் சறுக்குகிறார்கள். தேர்ச்சி பெற்றதும் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். 20 வருடத்துக்கோ வாழ்நாளுக்கோ கொடுக்கிறார்கள்.

உரிமம் வருவதற்கு முன்னால் செட் வாங்கிப் பேசலாமே என்ற ஆசை எல்லாருக்கும் வரும். வேண்டாம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அது சட்டப்படி சரியாகிவிடாது. உரிமமில்லாத வாக்கி டாக்கிகளைக் கண்டபடி விற்பதைத் தடுக்க 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளுக்கு வழிகாட்டு நெறிகளே வெளியிட்டது. அதைவிட முக்கியமான காரணம், என்ன அதிர்வெண் என்று தெரியாமல் அழுத்தும் ஒரு பட்டன் போலீஸ், விமானம், படகு என்று யாருடைய பேச்சையும் கெடுக்க முடியும்.

மாடியில் ஒரு கம்பி

செட்டை வாங்கத்தான் வேண்டும். ஆன்டெனாவை நீங்களே செய்யுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கையால் ஒரு ஆன்டெனா செய்தவருக்கு ரேடியோ புரியும் விதமே வேறு.

இரண்டு மீட்டருக்குக் கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா ஒரு மாலை வேலை. எஸ்ஓ239 என்ற கனெக்டர் ஒன்று, கெட்டியான செம்புக் கம்பி கொஞ்சம். நடு ஊசியில் 49 சென்டிமீட்டர் கம்பி ஒன்றைச் செங்குத்தாகப் பற்றவைக்க வேண்டும். கனெக்டரின் நாலு மூலைத் துளையிலும் அதைவிட ஓரிரு சென்டிமீட்டர் நீளமான நாலு கம்பிகளை மாட்டி, 45 டிகிரியில் கீழ்நோக்கி வளைக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த வளைவுக்குக் காரணம் உண்டு: கம்பிகள் படுக்கையாக இருந்தால் ஆன்டெனாவின் மின்தடை குறைவாக இருக்கும், கீழே வளைத்தால் செட்டும் கேபிளும் எதிர்பார்க்கும் 50 ஓமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பிவிசி பைப்பின் தலையில் இதை மாட்டிக் கேபிளை உள்ளே விட்டு இறக்கினால் ஆயிற்று.

நாற்பது மீட்டருக்கு டைப்போல், அதாவது நடுவில் கேபிள் சேரும் இரண்டு சம நீளக் கம்பிகள். 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் 20 மீட்டர் சொச்சம், பக்கத்துக்கு 10 மீட்டர். வீட்டு வயரிங் கம்பியே போதும். நடுவை மாடிக் கம்பத்தில் தூக்கிக் கட்டி, இரண்டு முனையையும் நைலான் கயிற்றால் மதில் பக்கமோ தென்னை மரத்துப் பக்கமோ இழுத்துக் கட்டுங்கள். முதலில் அரை மீட்டர் கூடுதலாகவே வெட்டுங்கள். ஆன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இரண்டு பக்கமும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 1.5-க்குக் கீழே வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.

உப்புக் காற்றுதான் நம் ஊரில் ஆன்டெனாவின் எதிரி. கடற்கரையிலிருந்து சில தெரு தள்ளியிருந்தாலும் ஒரு மழைக்காலம் போனால் செம்பு பச்சை பூத்துவிடும், இரும்பு கிளாம்ப் துருப்பிடித்துக் கையோடு வந்துவிடும். கேபிள் சேரும் இடத்தில் தண்ணீர் புகாத ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்ற வேண்டும், போல்ட்டும் கிளாம்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்க வேண்டும். மின்வாரியக் கம்பி போகும் பக்கம் எதையும் கட்டாதீர்கள், ஆன்டெனா சாய்ந்தால்கூட அதன்மேல் விழாத தூரம் வேண்டும். இடி இடிக்கும்போது கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வெளியே வைத்துவிடுங்கள்.

செட்டையே செய்து பார்க்கும் ஆசை இருப்பவர்களுக்கு ஹைதராபாதைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான் ஒரு வழி திறந்துவைத்தார். கடையில் கிடைக்கும் சாதாரண உதிரி பாகங்களை வைத்துக் கட்டக்கூடிய பிட்எக்ஸ் என்ற அவருடைய எஸ்எஸ்பி செட் வடிவமைப்பை உலகம் முழுக்க ஹாம்கள் செய்து பேசியிருக்கிறார்கள்.

புயல் நாளில்

2004 டிசம்பரில் ஹைதராபாதின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேயரில் இருந்தது. அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காகச் சிறப்பு அனுமதி வாங்கிப் போனவர்கள். 26-ம் தேதி காலை சுனாமி. நம் தேவனாம்பட்டினத்தையும் மற்றக் கடலோரக் குப்பங்களையும் அடித்துக்கொண்டு போன அதே அலை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தமானில் தொலைபேசித் தொடர்பு அறுந்த நிலையில், பொழுதுபோக்குக்காக மேசையில் இருந்த செட்டுகள் தீவுக்கும் நாட்டுக்கும் இடையே செய்தி கடத்தும் வழியாயின. உயிரோடு இருக்கிறார்களா என்று தவித்த குடும்பங்களுக்கு அவர்கள் மூலம் சேதி போனது. அன்று காலை வரை அவர்கள் செய்துகொண்டிருந்தது வெறும் பொழுதுபோக்குதான். அந்தப் பழக்கம் இருந்ததால்தான் அடுத்த நிமிடமே வேறு வேலைக்கு மாற முடிந்தது.

புயலில் செல்போன் ஏன் நிற்கிறது? கோபுரம் விழுவதால் மட்டும் இல்லை. மின்சாரம் போகிறது, கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்கிறது, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக ரோட்டில் மரம் கிடக்கிறது, ஃபைபர் கேபிள் எங்கோ அறுகிறது. மிச்சமிருக்கும் கோபுரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் முட்டுகிறார்கள். தானே புயலில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போய், சில கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கம் வெள்ளம் வந்தது.

ஹாம் செட்டுக்கு 12 வோல்ட் போதும். கார் பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி, டிராக்டர் பேட்டரி எதிலும் ஓடும். ஒரு 100 வாட் செட் பேசும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும், கேட்கும்போது ஓரிரு ஆம்பியர்தான். சக்தியைக் குறைத்துச் சுருக்கமாகப் பேசினால் ஒரு பேட்டரி பல மணி நேரம் தாங்கும், பகலில் சோலார் தகட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.

ஆனால் கருவி இருந்தால் மட்டும் போதாது. நெருக்கடியில் அலைவரிசையில் 'நெட்' என்ற ஒழுங்கு நடக்கும். ஒருவர் கட்டுப்பாட்டு நிலையமாக இருப்பார். அவர் அழைத்தால்தான் மற்றவர்கள் பேச வேண்டும். உங்களிடம் அவசரச் செய்தி இருந்தால் இடைவெளியில் உங்கள் கால் சைனைச் சொல்லி 'எமர்ஜென்சி' என்றால் வழி விடுவார்கள். செய்தி எழுதி வைத்ததாக இருக்க வேண்டும். 'இங்க நெலமை ரொம்ப மோசம், சீக்கிரம் வாங்க' என்பது செய்தி ஆகாது. எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூட முகாம், எத்தனை பேர், அதில் குழந்தைகள் எத்தனை, என்ன தேவை, எந்த நேர நிலவரம், யார் சொன்னது. இவ்வளவும் நாலு வரியில் வர வேண்டும். வாங்கியவர் அதை அப்படியே திருப்பிப் படிக்க வேண்டும், நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்தது. கேள்விப்பட்டதைக் கண்டதாகச் சொல்லக் கூடாது. அணை உடைந்தது என்ற ஒரு வதந்தி அலையில் ஏறினால் எத்தனை பேர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பதும் அந்த நேரத்தில் ஒரு வேலை. பலவீனமான ஒரு குரல் கட்டுப்பாட்டு நிலையத்துக்குக் கேட்காமல் உங்களுக்கு மட்டும் கேட்கலாம், அதை எடுத்துச் சொல்ல நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

மற்றவருடைய செய்தியைக் கடத்துவதற்கு ஹாம்களுக்குச் சாதாரண நாளில் அனுமதி இல்லை. பேரிடர் காலத்தில் விதிகளே இடம் கொடுக்கின்றன. மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும், அவர்களுக்கு இணையாக இன்னொரு கட்டளை மையம் நடத்தக் கூடாது.

இன்னும் சில வாசல்கள்

பேச்சே வேண்டாம் என்பவர்களுக்கு மோர்ஸ் இருக்கிறது, கம்ப்யூட்டர் வழியாக எழுத்துச் செய்தி அனுப்பும் முறைகளும் இருக்கின்றன. நோபல் பரிசு பெற்ற வானியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017-ல் கொண்டுவந்த எஃப்டி8 முறையில் 15 நொடிக்கு ஒரு துண்டுச் செய்தி போகும். காதுக்கே கேட்காத பலவீனமான சிக்னலைக்கூட கம்ப்யூட்டர் படித்துவிடும். அதில் அரட்டை அடிக்க முடியாது, ஆனால் மாடிக் கம்பியில் 10 வாட்டை விட்டால் எந்தெந்த நாட்டுக்குப் போகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

விண்வெளிப் பக்கமும் ஒரு வாசல் உண்டு. இஸ்ரோ 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி6-ல் ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளை ஹாம்களுக்காகவே அனுப்பியது. அது ஒன்பது வருடம் உழைத்தது. சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஹாம் செட் இருக்கிறது. அது 145.800 மெகாஹெர்ட்ஸில் பேசும், சில நாட்களில் படங்களும் அனுப்பும். சில்வர் பீச்சில் கிழக்கே தடையே இல்லாத வானம் இருக்கிறது. நிலையம் கடந்துபோகும் பத்து நிமிடத்தை ஆப்பில் பார்த்து வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்கலாம்.

உரிமம் கையில் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆல்ஃபா, பிராவோ என்ற எழுத்துச் சொற்களை இன்றைக்கே பழக ஆரம்பிக்கலாம். திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது வண்டி எண்களை வாய்க்குள்ளேயே படியுங்கள். டிஎன் 31 வந்தால் 'டாங்கோ நவம்பர் த்ரீ ஒன்', புதுச்சேரி வண்டி பிஒய் 01 வந்தால் 'பாப்பா யாங்கி ஸீரோ ஒன்', அதன் பின்னால் வரும் எழுத்துகளும் அப்படியே. யோசிக்காமல் வாயில் வரும் வரை சொல்லுங்கள். கூடவே மாடிக்குப் போய், 20 மீட்டர் கம்பியை எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு இழுக்கலாம் என்று டேப் பிடித்து அளந்து வைத்துவிடுங்கள்.